சரிவின் அடிவாரம்

"இன்னாத்துக்கு நைனா அம்மாந்தூரம் போயி, காசு குடுத்து வழுக்கி வுழணும்?" என்று ஆயா கேட்டபோது என்னிடம் நல்ல பதில் எதுவும் இல்லை.

2020 பிப்ரவரி. ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரோடு உத்தராகண்டின் ஔலிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ள ஒரு வாரம். திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஐஸ் என்றால் காசிமேட்டில் மீன்மேல் கொட்டுவது. மலை என்றால் சின்ன வயதில் துறைமுகத்துக்குள் பார்த்த கரிக்குவியல். ஆயாவிடம் போனில் ஒரு வீடியோவைக் காட்டினேன். சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் வெள்ளைச் சரிவில் பாம்புபோல் வளைந்து வளைந்து இறங்கினான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அது சரி. வசதி இருக்கறவன் மேல ஏறி கீழ வுழறான்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வசதி என்ற சொல் தமிழில் இரண்டு வேலை செய்கிறது. ரோப்வே, லிஃப்ட், ஓட்டல் எல்லாம் வசதிகள். அதை அனுபவிப்பதற்கான பணமும் வசதிதான். ஔலிக்குப் போகும்போது எனக்கு இந்த இரண்டு அர்த்தம் போதுமானதாக இருந்தது. திரும்பி வந்து மூன்று வருடம் கழித்துத்தான் மூன்றாவதாக ஒரு கேள்வி வந்தது: அந்த வசதி எதன்மேல் நிற்கிறது?

*

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட்டுக்குச் சுமார் 250 கிலோமீட்டர். கங்கையையும் பிறகு அலக்நந்தாவையும் ஒட்டியே சாலை போகிறது. தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று நதிகள் சேரும் ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். ஜோஷிமட்டைத் தாண்டினால் கடைசிப் பிரயாகையான விஷ்ணுப்பிரயாகை. அங்கே தௌலிகங்காவும் அலக்நந்தாவும் சேர்கின்றன. அந்தச் சங்கமத்துக்கு மேலே உள்ள சரிவில் ஜோஷிமட் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம்.

தமிழ் வாசகருக்கு இந்த ஊர் அவ்வளவு அந்நியமில்லை. வைணவர்களின் 108 திவ்யதேசங்களில் திருப்பிரிதி என்பது இதுதான் என்று சொல்லும் மரபு உண்டு. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் பாடிய தலம். ஆதிசங்கரர் நிறுவியதாக மரபு சொல்லும் நான்கு மடங்களில் ஒன்றான ஜோதிர்மடமும் இங்கேதான். பனிக்காலத்தில் பத்ரிநாத் கோயில் மூடப்பட்டதும் அதன் குளிர்காலப் பூசை இங்கே நடக்கும். பத்ரிநாத்தின் தலைமைப் பூசகரான ராவல் கேரளத்து நம்பூதிரி. எங்கள் ஊரிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. திருவொற்றியூர் வட்டப்பாறை அம்மனின் உக்கிரத்தை சங்கரர் தணித்தார் என்பது ஐதீகம். அந்தச் சன்னிதியிலும் நம்பூதிரிகள் பூசை செய்யும் மரபு உண்டு. ஜோஷிமட்டில் ராவலைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

ரோப்வேயின் கீழ்நிலையம் ஜோஷிமட்டிலேயே இருக்கிறது. பழனியில் விஞ்ச்சிலோ ரோப்காரிலோ போனவர்களுக்கு இதன் அளவு புரிய ஒரு ஒப்பீடு. பழனி மலையின் உயரம் சுமார் 150 மீட்டர். ஔலி ரோப்வே ஏறுவது ஏறத்தாழ 1,100 மீட்டர். நீளம் நான்கு கிலோமீட்டருக்கு மேல். பத்து கோபுரங்கள். எட்டாவது கோபுரத்தில் இறங்கினால் சறுக்குச் சரிவின் கீழ்ப்பகுதி. பத்தாவதில் இறங்கினால் உச்சி. கேபின் கிளம்பியதும் முதலில் காலுக்குக் கீழே ஜோஷிமட்டின் தகரக் கூரைகள், மாடிப்படி வயல்கள், காயப்போட்ட துணிகள் தெரிகின்றன. பிறகு தேவதாரும் ஓக்கும் அடர்ந்த காடு. திடீரென்று காடு விலகி, எல்லாம் வெள்ளையாகிறது.

ஔலியின் சறுக்குச் சரிவு 2,519 மீட்டரிலிருந்து 3,049 மீட்டர் வரை, சுமார் மூன்று கிலோமீட்டர். நம் தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர். அதாவது தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடம் எந்த உயரத்தில் முடிகிறதோ, ஏறக்குறைய அங்கேதான் இந்தச் சரிவு தொடங்குகிறது. ஆனால் உயரம் மட்டும் போதாது. ஔலி பூமத்திய ரேகையிலிருந்து முப்பது டிகிரி வடக்கே இருக்கிறது. சரிவு வடக்கு நோக்கியது. குளிர்கால வெயில் நேராக விழாது, அதனால் பெய்த பனி சீக்கிரம் உருகாது. கோடையில் இதே இடம் புல்வெளி. கட்வாலிகள் இதைப் புக்யால் என்கிறார்கள். ஆடுமாடு மேய்ந்த புல்வெளிமேல் நான்கைந்து மாதம் பனி மூடிக்கிடப்பதால்தான் சறுக்க முடிகிறது. அடியில் பெரிய பாறைகள் துருத்திக்கொண்டிருந்தால் முடியாது.

எதிரே நந்தாதேவி, 7,816 மீட்டர். அதைப் பார்த்துக்கொண்டே விழுந்தேன். முதல் மூன்று நாள் விழுவதுதான் வேலை. இரண்டு பலகைகளின் முனைகளையும் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டி ஏர்க்கலப்பை மாதிரி நின்றால் வேகம் குறையும். இது முதல் பாடம். எங்கள் பயிற்றுநர் ஜோஷிமட்காரர், முப்பது வயது இருக்கும். நான் பயத்தில் காலடியையே பார்த்துக்கொண்டு இறங்குவதைக் கண்டு இந்தியில் சொன்னார்: "பாய், காலைப் பார்க்காதீங்க. சரிவு எங்க போய் முடியுதுன்னு பாருங்க." தொழில்நுட்பமாகச் சொன்ன அறிவுரை. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

*

இந்தச் சரிவு எப்படி விளையாட்டுத் தலமானது என்பது போரோடு சேர்ந்த கதை.

1962க்கு முன்பு இந்தப் பள்ளத்தாக்குகள் சாலையின் முடிவாக இருக்கவில்லை. நீதி, மானா கணவாய்கள் வழியாகத் திபெத்துடன் வணிகம் நடந்தது. இங்கிருந்து தானியமும் துணியும் போகும், அங்கிருந்து உப்பும் கம்பளியும் வரும். போட்டியா மக்கள் ஆடுகளின் முதுகில் மூட்டை கட்டிக் கணவாய் தாண்டினார்கள். சீனப் போரோடு அந்தப் பாதை அடைபட்டது. வணிகர்கள் போன பாதையில் ராணுவ லாரிகள் வரத் தொடங்கின. அதே ஆண்டு அக்டோபரில் இந்தோ திபெத் எல்லைக் காவல் படை உருவானது. பனியில் நடக்கவும் சறுக்கவும் தெரிந்த வீரர்கள் தேவைப்பட்டார்கள். 1973இல் அந்தப் படை ஔலியில் மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. பலகைகளோடு இந்தச் சரிவுக்கு ஒரு நிறுவனமாக வந்தவர்கள் சிப்பாய்கள்தான். சுற்றுலாத்துறை பிறகுதான் வந்தது. 1990களின் முற்பகுதியில் ரோப்வே ஓடத் தொடங்கியது.

காஷ்மீரின் குல்மார்க் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே பிரிட்டிஷ் அதிகாரிகள் 1927இல் இந்திய ஸ்கீ கிளப்பைத் தொடங்கினார்கள். 1948இல் ராணுவம் அங்கே பனிச்சறுக்குப் பள்ளியை நிறுவியது. இன்றைய உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி அதிலிருந்து வளர்ந்தது. கோண்டோலாவின் முதல் கட்டம் 1998இல் திறக்கப்பட்டது. அப்பர்வாத் சிகரத்தின் தோளுக்கு, கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்துக்கு ஏறும் இரண்டாம் கட்டம் 2005இல் வந்தது. நிலத்தின் குணம்தான் வேறு. ஔலியில் சரிவு அடக்கமானது, சீராக இறங்கும். அப்பர்வாத்தில் பெரும்பகுதி செதுக்கப்படாத மலைமுகடு. கோண்டோலாவின் இருபுறமும் பனிச்சரிவு எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். 2010 பிப்ரவரியில் அந்த மலையில் பயிற்சியிலிருந்த ராணுவ வீரர்கள் 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். அங்கே ஆபத்து மேலிருந்து வருகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. எச்சரிக்கைப் பலகை வைக்கலாம், சரிவை மூடலாம்.

ஔலியின் ஆபத்து கீழே இருந்தது.

*

மணல், கரி, அரிசி எதைக் குவித்தாலும் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் குவியல் நிற்காது. துறைமுகத்துக் கரிக்குவியலில் அடியிலிருந்து ஒரு கூடை எடுத்தால் உச்சியிலிருந்து கரி சரிந்து வந்து அந்த இடத்தை நிரப்பும். ஈரம் ஏறினால் இன்னும் மோசம். எடை கூடும், துகள்களுக்கு இடையே பிடிப்பு குறையும். ஜோஷிமட்டின் நிலவியலைப் புரிந்துகொள்ள இதற்கு மேல் பெரிய அறிவியல் தேவையில்லை. அந்த ஊர் பாறைமேல் கட்டப்பட்டதல்ல. எப்போதோ மலையிலிருந்து சரிந்து வந்து தங்கிய மண்ணும் கல்லும் பாறாங்கற்களும் சேர்ந்த குவியல்மேல் உட்கார்ந்திருக்கிறது. அடிவாரத்தை இரண்டு நதிகள் அரிக்கின்றன. பழனி மலை ஒரே பாறை. அங்கே கோபுரம் நட்டால் பாறையில் நிற்கும். இங்கே ரோப்வேயின் அடிக் கோபுரங்கள் பழைய நிலச்சரிவின்மேல் நிற்கின்றன.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1936இல் இமயமலையை ஆராய்ந்த சுவிஸ் நிலவியலாளர்கள் அர்னால்டு ஹைமும் ஆகஸ்ட் கான்சரும் 1939இல் வெளியிட்ட நூலிலேயே ஜோஷிமட் நிலச்சரிவுப் படிவின்மேல் இருப்பதைக் குறித்திருக்கிறார்கள். 1970களில் ஊரில் மண் இறங்கத் தொடங்கியபோது, அன்றைய கட்வால் ஆணையர் எம்.சி. மிஸ்ரா தலைமையில் 18 பேர் கொண்ட குழுவை அரசு அமைத்தது. 1976இல் குழு அறிக்கை தந்தது. அதன் பரிந்துரைகள் எளிமையானவை. மண்ணின் தாங்கும் திறனைச் சோதிக்காமல் கனமான கட்டுமானம் வேண்டாம். சரிவின் அடியிலிருக்கும் பாறைகளைத் தோண்டியோ வெடிவைத்தோ எடுக்காதீர்கள். மரம் வெட்டாதீர்கள், நடுங்கள். மழைநீரும் கழிவுநீரும் மண்ணுக்குள் இறங்காமல் முறையான வடிகால் கட்டுங்கள்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி அறிக்கையை நன்றாகத் தெரியும். பிழை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. எப்படிச் சரிசெய்வது என்றும் எழுதியாகிவிட்டது. ஆனால் டிக்கெட் ஓப்பனாகவே கிடக்கும். ஒவ்வொரு ரிலீஸிலும் புது வசதிகள் அதன்மேலேயே ஏறும். யாரும் பொய் சொல்வதில்லை. "தெரிந்த சிக்கல்" என்ற பட்டியலில் அது இருக்கிறது, அவ்வளவுதான்.

1976க்குப் பிறகு ஏறியவற்றைப் பாருங்கள். பத்ரிநாத், ஹேம்குண்ட் யாத்திரிகர்கள் பெருகினார்கள். ஔலிக்கு வருபவர்களும் சேர்ந்தார்கள். இரண்டு மாடி வீடுகள் ஐந்து மாடி ஓட்டல்களாகின. அவற்றின் கழிவுநீர் பெரும்பாலும் குழிகளில் இறங்கி மண்ணுக்குள்ளேயே போனது. 520 மெகாவாட் தபோவன் விஷ்ணுகாட் நீர்மின் திட்டத்துக்காக மலைக்குள் சுரங்கம் தோண்டப்பட்டது. 2009 டிசம்பரில் சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஒரு நிலத்தடி நீர்த்தாங்கியைக் குத்திவிட்டது. நாளுக்கு ஆறேழு கோடி லிட்டர் தண்ணீர் வெளியேறியதாக அடுத்த ஆண்டு கரன்ட் சயின்ஸ் இதழில் இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2011 சனவரியில் முதல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் டேராடூனிலும் ஔலியிலும் நடந்தன. அதற்காக ஔலிக்குப் பனி செய்யும் இயந்திரங்கள் வந்தன, அவற்றுக்குத் தண்ணீர் தரச் செயற்கை ஏரி வந்தது.

பனி செய்யும் இயந்திரத்தில் மந்திரம் ஏதுமில்லை. அழுத்தக் காற்றோடு தண்ணீரை நுண்துளிகளாகப் பீய்ச்சி அடிக்கும். காற்று போதிய குளிராகவும் உலர்ந்தும் இருந்தால் துளிகள் விழுவதற்குள் உறையும். குளிர் போதாவிட்டால் வெறும் தண்ணீர்தான். 2023 பிப்ரவரியில் ஔலியில் நடக்கவிருந்த தேசியப் போட்டிகள் பனி போதாமல் கைவிடப்பட்டன. இயந்திரம் இருந்தது, ஏரி இருந்தது, சரிவு இருந்தது. குளிர் வரவில்லை.

*

அந்தப் போட்டி நின்றதை அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதற்கு முந்தைய மாதமே ஜோஷிமட் விரிசல் விடத் தொடங்கியிருந்தது.

2023 சனவரி முதல் வாரத்தில் வீடுகளின் தரை பிளந்தது, சுவர்கள் விலகின, ஓரிடத்தில் சேற்றுத் தண்ணீர் பீறிட்டது. 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். வாழத் தகுதியற்றவை என்று முடிவான வீடுகளின் சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டார்கள். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்ற இரண்டு ஓட்டல்கள் இடிக்கப்பட்டன. இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, டிசம்பர் 27க்கும் சனவரி 8க்கும் இடையே, பன்னிரண்டே நாளில், 5.4 சென்டிமீட்டர் நிலம் இறங்கியதாகச் சொன்னது. இறக்கத்தின் உச்சிமுனை ஜோஷிமட்-ஔலி சாலையருகே, 2,180 மீட்டர் உயரத்தில் இருந்தது. கொஞ்ச நாளில் அந்த அறிக்கை இணையதளத்திலிருந்து காணாமல் போனது. அனுமதியில்லாமல் ஊடகங்களிடம் பேச வேண்டாம் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆய்வு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. நிறுவனங்களின் அறிக்கைகள் பொதுவெளிக்கு வர உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அதற்குள் செப்டம்பர் ஆகிவிட்டது.

சுரங்கத்துக்கும் விரிசலுக்கும் தொடர்பில்லை என்றது மின்திட்ட நிறுவனம். ஊர்மக்கள் அதை ஏற்கவில்லை. ஒரே காரணத்தைப் பிடித்துக் கூண்டில் நிறுத்துவது நிலவியலில் சுலபமில்லை. குவியலின் அடியை நதி அரித்தது, மேலே எடை ஏறியது, உள்ளே தண்ணீர் இறங்கியது. எது கடைசிக் கூடை என்று கேட்கலாம். ஆனால் 1976 அறிக்கை எந்தக் கூடையையும் எடுக்காதே என்றுதான் சொன்னது.

ரோப்வேயின் கோபுர அடித்தளம் அருகேயும் விரிசல் கண்டது. அந்தச் சனவரியில் ரோப்வே நிறுத்தப்பட்டது. மேலே ஔலியில் சரிவுக்கு ஒன்றும் ஆகவில்லை, புல்வெளி புல்வெளியாகவே இருந்தது. ஆனால் கயிற்றின் கீழ்முனை ஒரு ஊரில் கட்டப்பட்டிருந்தது. அந்த ஊர் இறங்கியதும் மேலே இருந்த வசதியும் நின்றுபோனது. சறுக்குத் தலம் என்று நான் பார்த்தது பத்தாவது கோபுரத்திலிருந்து எட்டாவது கோபுரம் வரைதான். உண்மையில் அது முதல் கோபுரத்துக்கும் கீழே, அலக்நந்தா கல்லை அரிக்கும் இடம் வரைக்கும் போகிறது.

பயிற்றுநருக்குப் போன் செய்தேன். அவர் வீடு தப்பித்திருந்தது. அண்ணன் வீட்டுச் சுவரில் சிவப்புக் குறி. அண்ணன் குடும்பம் ஒரு பள்ளிக்கூட அறையில் இருந்தது. "சீசன் போச்சு, பாய். வீட்டுக்கே வழியில்ல, சீசனைப் பத்தி யார் பேசறது" என்றார்.

*

ஆயா டிவியில் ஜோஷிமட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமான்களை வேனில் ஏற்றும் பெண்களைக் காட்டினார்கள்.

அவளுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பகுதி கடற்கரையின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். சென்னைக் கடற்கரையில் அலைகள் மணலை ஓயாமல் நகர்த்திக்கொண்டேயிருக்கும். ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்குக்குப் போகிறது. 1876இல் வேலை தொடங்கிய துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த ஓட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம்வரை மணல் வராமல் கரை அரிக்கத் தொடங்கியது. மணல் நகர்வது அன்றைய பொறியாளர்களுக்குத் தெரியும். துறைமுகத்தைத் திட்டமிட்டபோதே அதைப் பற்றி விவாதித்தார்கள். அவர்களுடைய கவலை, துறைமுகம் தூர்ந்துபோகுமா என்பது. வடக்கே இருக்கும் குப்பங்கள் என்னாகும் என்பது அவர்களுடைய கேள்வியாக இல்லை.

மெரினாவில் மாலையில் சுண்டல் சாப்பிடும் யாரும் எங்கள் கரையை எடுத்துக்கொண்டதாக நினைக்க மாட்டார்கள். நினைக்கவும் தேவையில்லை. நானும் ஔலியில் சறுக்கும்போது ஜோஷிமட்டின் மண்ணை நினைக்கவில்லை. வசதிக்குள் இருப்பவருக்கு அதன் அடிவாரம் தெரியாது. அப்படித் தெரியாதபடிதான் அது கட்டப்பட்டிருக்கிறது.

இன்று எங்கள் கரை முழுக்கக் கருங்கல். மலைகளை உடைத்து லாரியில் கொண்டுவந்து கொட்டியது. ஜோஷிமட்டில் அடிவாரத்துக் கல்லை எடுக்காதே என்று எழுதி வைத்தார்கள். இங்கே இல்லாத அடிவாரத்துக்குக் கல்லைக் கொண்டுவந்து போடுகிறோம். அந்தக் கல்மேல் உட்கார்ந்துதான் நான் காலேஜ் படிக்கும்போது பரீட்சைக்குப் படித்தேன். கல் எதற்கு என்று அப்போது கேட்டதில்லை, கடற்கரை என்றாலே கல்தான் என்று நினைத்திருந்தேன். "நம்ம தெருவுக்கு அந்தாண்ட இன்னும் ரெண்டு தெரு இருந்துச்சி" என்று ஆயா சொல்வாள். கையை நீட்டிக் காட்டுவாள். அவள் காட்டும் இடத்தில் தண்ணீர் இருக்கும்.

டிவியில் ஒரு கிழவி தன் வீட்டுச் சுவரின் சிவப்புக் குறியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊரு வுழும்னு இவங்களுக்கு முன்னாடியே யாராச்சும் சொன்னாங்களா, நைனா?"

"சொன்னாங்க ஆயா. நாப்பத்தேழு வருஷத்துக்கு முன்னாடியே எழுதியே குடுத்தாங்க."

"யார்கிட்ட குடுத்தாங்க?"

"கவர்மென்ட்டு கிட்ட."

ஆயா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்தக் கெழவிகிட்ட குடுத்திருக்கணும்" என்றாள்.